காதுக்கு இரண்டு விரற்கடை

தேங்காய் எண்ணெய் தடவிய ஒரு சின்னத் தலையின் வெதுவெதுப்பும், அந்தத் தலையின் உச்சியில் எலும்பில்லாத ஓரிடத்தில் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்ததும்தான் என் தம்பி மிக்கேலைப் பற்றி எனக்கு இருக்கிற முதல் ஞாபகம். எங்கள் தெருவில் அந்த இடத்தை ‘உச்சிக்குழி’ என்பார்கள். எனக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அம்மா பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, “ஏளா, கழுத்தத் தாங்கிப் புடி. உச்சியில மட்டும் கை வச்சிராத” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் கை வைக்கவில்லை, மோவாயை வைத்துப் பார்த்தேன். ஒரு உயிர் அடிப்பது என் பல் வரைக்கும் வந்து அதிர்ந்தது. இத்தனை மெல்லிய தோலுக்குக் கீழே ஒரு ஆள் முழுதாக இருக்கிறான் என்று நினைத்ததும் மோவாயை மெல்ல எடுத்துவிட்டேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா சங்கு குளிக்கிறவர். அம்மா உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவள். தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டதால் அவன் பிழைப்பான் என்று தெருவில் யாரும் அடித்துச் சொல்லவில்லை, ஆனாலும் அவன் பிழைத்தான். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு அம்மா அளத்துக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

எனக்குச் சடை பின்னிக்கொண்டே அம்மா அதைச் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்பது இப்போது தெரிகிறது. “இவன் கை காதத் தொடுத வரைக்கும் நீ பாத்துக்கோளா. இவன ஒண்ணாப்புல சேக்குத அன்னைக்கே ஒன்னையும் கொண்டு விட்டுருதேன். மாதா மேல சத்தியம்.”

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிறந்த தேதி எழுதிய காகிதம் எத்தனை வீட்டில் இருந்தது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் டீச்சர் பிள்ளையை முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் வயது ஆகிவிட்டது, தொடாவிட்டால் ஆகவில்லை. வேறு சாட்சி எதுவும் வேண்டாம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கைக்கும் காதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனதும், தொட்டிலில் கிடந்தவனுடைய வலது கையைப் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோனேன். கை காதுப் பக்கம் போவது இருக்கட்டும், உச்சிக்குழிகூட அதற்கு எட்டவில்லை. அந்தக் கை அவ்வளவு குட்டை, தலை அவ்வளவு பெரிசு. இதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதிலிருந்து அவனைப் பார்ப்பதே என் வேலை. நான் படித்த படிப்பும் அதுதான் என்று சொல்வேன். முதலில் கழுத்து நின்றது. ஒரு வாரத்துக்கு முன்னால் வாடிய தண்டுபோலத் துவண்டுகொண்டிருந்த கழுத்து, ஒரு காலையில் தலையைத் தூக்கி என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் குப்புற விழுந்தான், அம்மா கொழுக்கட்டை அவித்தாள். வீட்டுப் படி தாண்டினான், அதற்கும் கொழுக்கட்டை. பல் முளைத்ததற்குப் பல்போலவே குட்டி குட்டியாக உருட்டிப் போட்டு அவித்து, அவன் தலையில் கொட்டினார்கள். தெருப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். ஒவ்வொரு கொழுக்கட்டைக்கும் நான் அவன் கையைத் தூக்கி வைத்துப் பார்ப்பேன். உச்சிக்கு வந்தது. உச்சியைத் தாண்டியது. உச்சிக்குழி மூடிப்போய்க் கெட்டியானது எந்த நாளில் என்று மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. தினமும் தடவிக்கொண்டிருந்தவளுக்கே தெரியாமல் உள்ளே ஒரு கதவு சாத்திக்கொண்டது என்றால், அந்த வேலை எவ்வளவு சத்தமில்லாமல் நடந்திருக்க வேண்டும்!

கடல் கலங்கி அப்பா வீட்டில் இருந்த நாட்களில், வலை நூலில் ஒரு துண்டை எடுத்து எல்லோரையும் அளந்தேன். தம்பியின் தலையை உச்சியிலிருந்து மோவாய் வரைக்கும் அளந்து, அந்த நூலை அவன் மேல் வைத்துக்கொண்டே போனால் நாலு தலையும் கொஞ்சமும்தான் மொத்த ஆள். நான் ஆறு தலை உயரம். அப்பா ஏழு தலைக்கு மேலே. அப்படியானால் தலை முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, உடம்பு பிறகு மெதுவாக வந்து சேருகிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு சங்கை எடுத்து அதன் கூர்முனையைக் காட்டினார். “இது பொறந்த அன்னைக்கு இம்புட்டுத்தாம்ளா இருந்துச்சு. இத எங்கயும் தூரப் போடல. இதையே வச்சுச் சுத்திச் சுத்தி வளந்துருக்கு பாரு.” மிளகளவு இருந்தது அந்த முனை. அதன் மேல் என் இரண்டு கைக்கும் அடங்காத சங்கு.

தம்பிக்கு நாலு வயது முடிந்தபோது எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது. என்னோடு படித்த பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் இடுப்பில் பிள்ளையோடு அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். தினமும் காலையில் அவன் கைக்கு எண்ணெய் போட்டு நீவி இழுப்பேன். அதுவும் போதாதென்று, தலையை வலது தோள்பக்கம் சாய்ப்பது தெரியாமல் சாய்த்துக் காதைத் தொடுகிற ஒரு வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டான். அம்மாவிடம் சொல்லாமல் அவனுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். “பேரென்னலே?”

“மிக்கேல்.”

“காதத் தொடு பாப்போம்.”

கையைத் தலைக்கு மேலே போட்டான், தலை மெதுவாகச் சாய்ந்தது, விரல் காதைப் பிடித்தது. டீச்சர் ஒற்றை விரலை அவன் மோவாய்க்கு அடியில் கொடுத்துத் தலையை நிமிர்த்தினார். காது கீழே இறங்கிவிட்டது, விரல்கள் அந்தரத்தில் நின்றன. “காது கைகிட்ட வரக் கூடாதுலே. கைதான் காதுகிட்டப் போணும்” என்றார். பிறகு தன் விரலை நடுவில் வைத்து அளந்து பார்த்தார். “ரெண்டு வெரக்கட பாக்கி.”

“அக்கா தெனமும் இழுக்கா டீச்சர்” என்று தம்பி என்னைக் காட்டிக்கொடுத்தான். “வலிக்கி.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இழுத்தா நீளுததுக்கு இதென்ன ரப்பராளா? சோத்தப் போடு. மிச்சத்த அது பாத்துக்கும். கூட்டிட்டுப் போ.”

அந்த இரண்டு விரற்கடை தூரத்துக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் பிடித்தது. கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய சுவர் அதற்குள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது, லாரி லாரியாகக் கல் போனதை நாங்கள் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறோம். இவன் கைக்கு வேண்டியதை எங்கிருந்து, எந்த வழியாக, யார் கொண்டுவந்து சேர்த்தார்கள்? கஞ்சியும் மீனும்தான் உள்ளே போயிற்று. அது எலும்பாக மாறுவதை யாரும் பார்க்கவில்லை.

அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்த நான் என்னைப் பார்க்கவில்லை. பாவாடையின் மடிப்பை அம்மா இரண்டு தரம் பிரித்துவிட்டதும், அவளுடைய பழைய ரவிக்கை எனக்கு அளவாகிப்போனதும் எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை. தவக்காலத்தில் ஒரு நாள் நான் ‘பெரியவள்’ ஆனேன். வீட்டுக்குள் ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்து என்னை உட்கார வைத்தார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வேளை தவறாமல் வந்தன. எனக்கு எட்டு வயதானதிலிருந்து என் இடுப்பிலேயே இருந்தவனை உள்ளே விடவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தம்பி வாசல்படியில் வந்து நின்றான். இடது கையில் களி உருண்டை. சேலை இடுக்கு வழியாக என்னைப் பார்த்து, “அக்கா, ஒனக்குக் காச்சலா?” என்று கேட்டான்.

“இல்லலே.”

“பெறகு ஏன் வெளியே வரமாட்டேங்க?”

அவன் யோசித்துக்கொண்டே நின்றான். இடது காதில் ஏதோ அரித்திருக்க வேண்டும். இடது கையில் களி இருந்ததால் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு அந்தக் காதைச் சொறிந்தான். தலை நேராக இருந்தது. சொறிந்து முடித்துக் கையை எடுத்துவிட்டு, களியைத் தின்னத் தொடங்கினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்து வருடத்துக்கு மேலாக நான் தினமும் தூக்கி வைத்துப் பார்த்த கை, நான் தொட முடியாத மூலையில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்துத் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் கையை வளர்த்த அதே ஏதோ ஒன்றுதான் என்னையும் இந்தச் சேலைக்குப் பின்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது என்பதும் அந்த நேரத்தில்தான் எனக்குப் பட்டது. இரண்டு வேலையையும் அது ஒன்றாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

சாயங்காலம் அம்மா வந்தபோது, “அம்மா, அவன் காதத் தொட்டுட்டான்” என்றேன்.

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம். உப்புத் தின்ற பாதத்தை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சத்தியம் பண்ணிருக்கேம்லா” என்றாள். “ரெண்டு பேரையும் கொண்டு விடுதேன்.”

சொன்னபடியே ஜூன் மாதம் கொண்டுபோய் விட்டாள். தம்பி தலையை நேராக வைத்துக் காதைத் தொட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போனான். பெரிய டீச்சர் தாவணி போட்ட என்னைப் பார்த்தார். “ஒன்ன எங்கன ஒக்கார வைக்க?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்துதானே தொடங்க வேண்டும், மூன்றாம் வகுப்பு என்றேன். நான் உள்ளே போனதும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று “வணக்கம் டீச்சர்” என்றார்கள்.

பத்தொன்பது நாள் போனேன். டெஸ்கின் பலகைக்குக் கீழே என் முழங்கால் நுழையவில்லை, டெஸ்குகளுக்கு நடுவில் இருந்த வழியில் காலைப் போட்டு ஒருக்களித்து உட்கார்ந்துதான் எழுதினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருபதாம் நாள் நானே அம்மாவோடு அளத்துக்குப் போனேன். இந்தக் கட்டுரையை எழுதுகிற எழுத்து அந்த மூன்றாம் வகுப்பு எழுத்தும், தம்பியின் சிலேட்டைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய எழுத்தும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மனுசன் எப்படி உண்டாகி நிமிர்கிறான் என்பதை நான் பார்த்த மாதிரி புத்தகம் படித்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? அந்தக் கர்வம் எனக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன்.

வளர்ந்தது எப்படி இறங்குகிறது என்பதையும் அப்பாவிடம் பார்த்தேன். கடலின் ஆழத்தைப் ‘பாகம்’ என்று சொல்லி, இரண்டு கையையும் விரித்துக் கயிறு அளந்தவர் அவர். அவருடைய உயரமும் ஒரு பாகமும் முன்பு சரியாக இருக்கும். கடைசிக் காலத்தில் முதுகு வளைந்து வேட்டி தரையில் இழுபட்டது, ஒரு மடிப்பு கூடுதலாகக் கட்டிவிட்டோம். ஆனால் சட்டைக் கையை மடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் குறைந்தார், விரித்த கை குறையவில்லை. மனதுக்குள் நூலைப் போட்டு அளந்தேன், ஏழு தலைக்குக் கீழே வந்திருந்தார். தொட்டிலில் பார்த்த அந்தப் பெரிய தலையும் சின்ன உடம்பும் மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. எனக்குப் பயமாக இல்லை, பழகிய முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளையைக் காதைத் தொடச் சொல்வதில்லை, பிறப்புச் சான்றிதழை வாங்கி நகல் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பத்தொன்பது நாள் உட்கார்ந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்து மாடி எழுப்பிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கிற தம்பிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

எனக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய் ஆறு மாதமாகிறது. டாக்டர் தினமும் கையைத் தூக்கப் பழகச் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தம்பி வந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். விரல் உச்சியைத் தாண்டிப் பாதியில் நின்றுவிட்டது. அவன் என் முன்னால் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தன் விரலை நடுவில் வைத்து அளந்தான்.

“ரெண்டு வெரக்கட பாக்கிக்கா” என்றான். பிறகு சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “தலைய லேசாச் சாச்சுக்கோயேன். டீச்சர்தான் இல்லல்லா” என்றான்.

நான் சாய்க்கவில்லை. தலையை நேராக வைத்துக்கொண்டு, கை தானாகப் போகட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.