இடது தோளுக்குச் செய்த துப்பாக்கி

ஸ்ரீரங்கத்தில், ஐயங்கார் வீட்டில், துப்பாக்கி. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மலையில் எஸ்டேட் வேலை பார்த்த காலத்தில், ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து அண்ணா வாங்கியது. லைசென்ஸ் வைத்திருந்தாரே தவிர ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. துப்பாக்கி கிளப்பில் குறி பார்ப்பதற்காகப் பறக்கவிடும் மண் தட்டுகள்தான் அவருடைய வேட்டை.

நான் அந்தக் கிளப்புக்குப் போனதே இல்லை. எனக்குத் துப்பாக்கி என்றால் புத்தகங்கள்தான். அந்த தைரியத்தில் ஆயுள் முழுக்க அவரோடு சண்டை போட்டேன். ஜெர்மன்காரன்தான் கெட்டிக்காரன் என்பேன். ஒரே துப்பாக்கியில் மூன்று குழல் வைப்பான், பறவைக்கு இரண்டு, மானுக்கு ஒன்று. பெல்ஜியத்துக்காரன் உலகத்துக்கே மலிவாகச் செய்து அனுப்பினான். யார் தோளிலும் உட்காரும். இங்கிலீஷ்காரன் மட்டும் தையல்காரனைப் போல ஆளை நிற்கவைத்து, கையையும் கழுத்தையும் அளந்து, ஒரே ஒருவனுக்காக, தோளில் பதியும் பின்கட்டையை இழைப்பான். அண்ணாவுடையது அந்த ரகம். வீண் ஜம்பம் என்பேன்.

"ஊருக்கெல்லாம் பொருந்தறதை வெச்சுண்டு நான் என்னடா பண்றது?" என்பார் அண்ணா.

போன மாதம் அண்ணா போய்விட்டார். அவர் படுத்த படுக்கையானபோதே துப்பாக்கியை டவுனில் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தோம். காரியங்கள் முடிந்ததும் மன்னி சொன்னார்: "உங்க பேருக்கு மாத்திண்டு நீங்களே வெச்சுக்கோங்கோ. அவர் தொட்டது வெளியில போக வேண்டாம்." எனக்கும் அதுதான் ஆசை. அவருடைய பொருளில் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்து, "தோள்ல வெச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். கட்டை கன்னத்தில் இடித்தது. கண்ணுக்கு நேராகக் குழல் வரவே இல்லை. வலப்பக்கம் தள்ளியே நின்றது.

"இது இடது கைக்காரருக்குச் செஞ்சது சார். கட்டை இடப்பக்கமா லேசா வளைஞ்சிருக்கு பாருங்க."

அண்ணா இடது கைக்காரர் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. சின்ன வயதில், பெருமாள் சன்னதியில் தீர்த்தத்துக்கு இடது கையை நீட்டி அப்பாவிடம் அடி வாங்குவார். எழுத உட்கார்ந்தால் அந்தக் கையை அப்பா துண்டால் முதுகோடு கட்டிவிடுவார். அழுது அழுது வலது கைக்குப் பழகினார். எழுத்து மட்டும் கடைசிவரை கோணல். வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம். யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்கு அளவெடுத்த இந்தக் கட்டை ஒன்றுதான் அந்தக் கையை அதன் போக்கில் விட்டிருக்கிறது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க. சூடா எண்ணெய் விட்டு, இறுக்கிப் பிடிச்சு முறுக்கினா வலப்பக்கம் வந்துடும். பழகிடும் சார்" என்றார்.

துப்பாக்கியை அவர் மேஜைமேல் திரும்ப வைத்தேன்.

"வேண்டாங்க. இடது கைக்காரர் யாராவது வந்தா கொடுத்துடுங்க. அதை மட்டும் முறுக்கிடாதீங்க."

வெறுங்கையோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் அழுகை வந்துவிட்டது. நம் சண்டையில் நான் தோற்றுப்போனேன் அண்ணா என்று சொல்ல ஆள் இல்லை.