மூச்சுக்குழாயில் கட்டிய சிலுவை

தோனா எர்மினியா கோபோஸுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள். இருக்காமல் என்ன செய்யும்? எரிசாராய டேங்குகளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அவர் வருகிற தேதி தெரிந்தால் போதும், எங்கள் இஞ்சினியர் பராகான் முதல் நாளே பெயிண்ட் அடிக்க ஆள் விட்டுவிடுவான். துருவுக்கு மேல் வெள்ளை, ஓட்டைக்கு மேல் வெள்ளை. அந்த அம்மா வந்து சின்னச் சுத்தியலால் தட்டுவார். வெள்ளை செதில் செதிலாக உதிரும்.

"என் கண்ணு என்ன பொட்டையா, பராகான்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார். அவன் பல்லைக் காட்டுவான். அந்தப் பல்லை உடைக்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் கை துறுதுறுக்கிறது.

நான் லாசரோ. டேங்கின் உச்சியில் ஏறி, நாடா விட்டுச் சாராயத்தை அளக்கிறவன்.

வெல்டர்களுக்கு மேஸ்திரி தோன் சபினோ. அவர் மகன் இரினேயோவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர் எர்மினியாதான். அந்த உறவில் சபினோ அவரைக் கொமாத்ரே என்பார், இவர் அவரைக் கொம்பாத்ரே என்பார். ஒவ்வொரு மே மாதமும் சிலுவை நாளன்று, வேலை நடக்கிற இடத்தின் உச்சியில் சிலுவை நட்டுப் பூக்கட்டி, கீழே உட்கார்ந்து மோலே குழம்பும் பீருமாகக் கொண்டாடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். போன வருஷம் வேலை அவசரம் என்று பராகான் அதற்கு விடவில்லை. அடுத்த வாரமே ஏழாம் டேங்கின் உச்சியில் கைப்பிடி உடைந்து, அதோடு சேர்ந்து இரினேயோ கீழே விழுந்து செத்தான். கைப்பிடி உடைந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அவன் கையில் ஏன் உடைந்தது? சிலுவை வைக்காததால்தான் என்றார் சபினோ. நாங்களும் தலையாட்டினோம்.

இந்த வருஷம் சபினோ இரும்புக் குழாயில் சிலுவை செய்து, அதில் மகன் பெயரை எழுதி, அதே டேங்கில் ஏற்றினார். அங்கே எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது மூச்சுக்குழாய். சாராயத்தை இறைக்கும்போது அதன் வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும்; போகாவிட்டால் டேங்க் உள்ளே நசுங்கிவிடும். சிலுவையை அந்தக் குழாயோடு வைத்துக் கட்டினார்கள். காகிதப் பூ மழையில் நனையக்கூடாதே என்று பூவையும் குழாய் வாயையும் சேர்த்துப் பிளாஸ்டிக்கால் சுற்றி, கம்பி போட்டு இறுக்கினார்கள். அவ்வளவு பாசமாகக் கட்டியதில் ஓர் ஊசிக்குக்கூட இடமில்லை. பராகான் கீழே நின்று கைதட்டினான். படித்தவன், அவனுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை சரக்குப் படகு வந்தது. நான் மேலே ஏறி, அளந்து, மூடியை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். சாராயத்தைப் படகுக்கு இறைக்கப் பம்ப் ஓட ஆரம்பித்தது. மூன்றாம் டேங்கைப் பார்க்க வந்திருந்த எர்மினியா தற்செயலாக அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

"பம்ப்பை நிறுத்து," என்று அவர் கத்தியது எனக்கு மேலே வரை கேட்டது.

"படகு காத்துக்கிட்டிருக்கு, தோனா," என்றான் பராகான். "ஏழாம் டேங்குல கைப்பிடி தவிர மத்ததெல்லாம் சரின்னு போன மாசமே பாத்து சொல்லிட்டீங்களே."

"நான் பாத்தப்ப அது மூச்சு விட்டுக்கிட்டிருந்துச்சுடா, முட்டாள்."

அவர் கட்டிங் பிளேயரும் கையுமாகப் படியேறி வந்தார். பாதிப் படியில் சபினோ வழிமறித்து நின்றார்.

"சிலுவையத் தொடாத, கொமாத்ரே. அது என் பையன்."

"தள்ளு, கொம்பாத்ரே. டேங்க் உள்வாங்குச்சுன்னா லாசரோ அதோட போயிருவான்."

"போன வருஷம் சிலுவை இல்லாமதான் என் புள்ள போனான்."

"சிலுவை இல்லாமயா?" எர்மினியாவின் குரல் உடைந்தது. "அந்தக் கைப்பிடி துருப்பிடிச்சுப் போச்சு, மாத்துன்னு நான் சொல்லிட்டுப் போனேன். இந்த நாய் அதுக்குப் பெயிண்ட் அடிச்சான். சாவு வீட்லயே சொன்னேன், உன் காதுல ஏறல. அவன் எனக்கும்தான்யா புள்ள."

அப்போது என் காலுக்குக் கீழே இரும்புத் தகடு தகர டப்பாவை அமுக்கின மாதிரி 'டொம்' என்றது. உச்சி குழிந்து இறங்கியது. மூடியை இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டது போல அது அசையவில்லை.

சபினோ என்னைப் பார்த்தார். பிறகு எர்மினியாவின் கையிலிருந்த கட்டிங் பிளேயரைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடி வந்தார். தான் முறுக்கிய கம்பியைத் தானே வெட்டினார். பிளாஸ்டிக் கிழிந்ததும் டேங்க் இழுத்த மூச்சில் காகிதப் பூவெல்லாம் குழாய் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். அழுதுகொண்டேதான் செய்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முழுக்கப் பராகான் செலவில் பூ. டேங்க் குழிந்தும் யாருக்கும் கீறல்கூட இல்லை, சிலுவைதான் காத்தது என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். பராகான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எர்மினியா எழுந்து நின்றார்.

"சாமி, சிலுவைய அவுத்ததாலதான் லாசரோ உயிரோட இருக்கான்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவி 'உஷ்' என்றாள். நான் எழுந்திருப்பதற்குள் முன் வரிசையிலிருந்து சபினோ எழுந்தார். பராகானுக்கு முன்னால் போய் நின்றார்.

"என் புள்ளைய முழுங்குன கைப்பிடி இருந்த இடத்துல இன்னும் கயிறுதான் கட்டியிருக்கு. எப்ப மாத்துவ?"

அந்த வாரமே புதுக் கைப்பிடி வந்தது. அதே வாரம், எர்மினியாவைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. வேறு சோதனைக்காரர் வருகிறார், நல்ல மனிதர், பெயிண்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது சிலுவை கீழே, படி தொடங்குகிற இடத்தில் நிற்கிறது. அதற்கு நான் கும்பிடு போடுவதில்லை என்று ஆட்களுக்கு வருத்தம். போடுகிறேன், மேலே போய்ப் போடுகிறேன். முதலில் மூச்சுக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து, காற்று ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு.