டிரம்ஸ் தம்பி

பத்தொன்பது வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன், முடியைக் கொடுத்தேன். அதோடு தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் அதற்கப்புறம் ஆறு வருஷம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, நானாகவே திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போடும் கொட்டகையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். எந்த வேண்டுதலும் இல்லை. டிரம்ஸ் வாசிப்பதற்காக உட்கார்ந்தேன்.

இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது, முதலிலிருந்தே சொல்கிறேன்.

காமாலைக்கு முன்னால் நான் தினமும் ரயிலேறி அரக்கோணம் போய் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார்; அம்மா தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தாள். டைப் வகுப்புக்கு எதிர்ப்புறம் ரயில்வேக்காரர்களின் பொழுதுபோக்குக் கூடம். சாயங்காலம் ஆங்கிலோ இந்தியப் பையன்கள் நாலு பேர் அங்கே கிதாரும் டிரம்ஸுமாக இங்கிலீஷ் ராக் பாட்டு வாசிப்பார்கள். பாட்டில் ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. டிரம்ஸ் மட்டும் நேராக வயிற்றில் வந்து விழும். என் விரல்கள் பாடத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும். டைப் வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாம்மா, டைப்பு அடிக்கிறியா, மோளம் அடிக்கிறியா?"

பையன்கள் ஒவ்வொருவராகக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். டிரம்ஸ் கப்பலேறவில்லை. அதை ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்த ஒருவர் வாங்கி, ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தார். அவர் அக்கார்டியன் வாசிப்பார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். பாட்டு வரிகளை டைப் அடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று டைப் வகுப்பில் கேட்டார், நான் முந்திக்கொண்டு போனேன். பாட்டா முக்கியம்? மற்றவர்கள் ஒத்திகைக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். இரண்டு கை, இரண்டு கால், நாலும் நாலு வேலை செய்ய வேண்டும். வலது கால் பெரிய டிரம்மை உதைக்கும் பெடலுக்கே மூன்று மாதம் ஆயிற்று. யாரும் சொல்லித்தரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தது கண்ணில் இருந்தது, அவ்வளவுதான்.

காமாலை வந்து, மொட்டை போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தின் கல்யாண வரவேற்பு. குழுவின் டிரம்ஸ்காரர் அன்று காலை சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். மாஸ்டர் என்னிடம் வந்து, "நீ தெனம் முன்னாடியே வந்து வாசிக்கிறத நான் வெளிய நின்னு கேட்டுகினுதான் கீறேன். இன்னிக்கு உக்காரு" என்றார். தாவணியைக் கட்டிக்கொண்டு பெடலை மிதிக்க முடியாது. கிதார்காரரின் பேன்ட்டையும் சட்டையையும் போட்டுக்கொண்டேன்.

மேடையில் கல்யாணப் பெண்ணின் மாமா என்னைப் பார்த்துவிட்டு மாஸ்டரைக் கேட்டார்: "பையன் சோப்ளாங்கியா கீறானே, தாங்குவானா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"தாங்குவாங்க" என்றார்.

அப்புறம் மைக்கில், "டிரம்ஸ், நம்ம தம்பி" என்றார். விசில் பறந்தது. நடுவில் டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கும் கட்டம் வந்தபோது அந்த ரயில்வேப் பையன்களின் ராக் அடியை எடுத்துப் போட்டேன். பந்தலில் சாப்பாட்டுப் பந்தி காலியாகி ஜனம் மேடைக்கு முன்னால் வந்துவிட்டது. நான் பொய் சொல்ல மாட்டேன், அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது வேனில் கேட்டேன். "ஏன் மாஸ்டர், பொண்ணுன்னு சொல்லலாமில்ல?"

"பொம்பளப் புள்ளன்னா வாசிக்கிறத கேக்க மாட்டாங்கம்மா, வேடிக்கதான் பாப்பாங்க. மொதல்ல பேர் வரட்டும். அடுத்த ப்ரோக்ராம்ல நானே மைக்ல சொல்றேன்."

நம்பினேன். கை முறிந்த டிரம்ஸ்காரர் திரும்பி வரவில்லை, இடம் எனக்கே நின்றுவிட்டது. அந்த அடுத்த ப்ரோக்ராம் ஆறேழு வருஷம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முகம் வாடிப்போய், "இந்த ஊரு சரியில்லம்மா, அடுத்த ஊருல பாக்கலாம்" என்பார்.

தம்பியாக இருப்பது லேசில்லை. முடி கொஞ்சம் வளர்ந்தாலே மறுபடி மலைக்குப் போய் மொட்டை போட வேண்டும். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று போகிற ஊரில் வாயே திறக்க மாட்டேன். "இன்னாப்பா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்பார்கள். சிரித்து வைப்பேன். குழுவில் பாடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். போகிற வீட்டில் அவளுக்கு ஒரு ரூம் கொடுப்பார்கள். கண்ணாடி இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும், பூ கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் தம்பியாயிற்றே, உள்ளே போக முடியாது. ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பேன். ஆண்கள் கூட்டமாக வேலியோரம் ஒதுங்கப் போவார்கள். அங்கேயும் போக முடியாது. ப்ரோக்ராம் உள்ள நாளில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தாகமும் எடுக்கும்.

சரி, சொந்த ஊரிலாவது நான் நானாக இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தரம் பார்த்தார்கள், வேண்டுதல் என்றார்கள். திரும்பத் திரும்பப் பார்த்ததும் பெரிய வேண்டுதல் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கடைத்தெருவில் வழி விடுவார்கள். பூக்காரம்மா, "உங்கொற தீர்ந்துடும் தாயி" என்று கையில் விபூதி வைத்துத் தருவாள். என்ன குறை என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதாம். பெண் கேட்டு வருபவர்களிடம் பக்கத்து வீட்டுக்காரர்களே, "அந்தப் பொண்ணுக்கு வேண்டுதல் கீது, முடியட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவுக்கு மட்டும் தெரியும். தலையில் சந்தனம் பூசிவிடும்போது ஒரு நாள் சொன்னாள்: "ஊர ஏமாத்து, போவட்டும். அவன் முன்னாடியே போய் குந்திகினு பொய்யா முடி குடுக்கிறியே, உனக்கு பயமா இல்ல?"

"நான் ஒண்ணுமே கேக்கலியேம்மா அவன்கிட்ட."

"கேட்டுட்டாவது குடு."

அவள் சொன்னதற்காகக் கேட்டேன். வேறு என்ன கேட்பேன்? ஒரே ஒரு தடவை, மைக்கில், வாசிப்பது ஒரு பெண் என்று சொல்ல வேண்டும். பேர்கூட வேண்டாம். அதற்கப்புறம் டிரம்ஸை விடச் சொன்னாலும் விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கேட்டுவிட்டு மொட்டை போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இனிமேல் போடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானம்.

மாஸ்டர் முதலில் கவனிக்கவில்லை. அப்புறம், "முடி வளருதேம்மா" என்றார். "வளரட்டும் மாஸ்டர்" என்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் தொப்பி வைத்து ஓட்டினார். முடி கழுத்துக்குக் கீழே இறங்கியதும் தொப்பியும் பத்தவில்லை. அப்போது மறுபடி ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வாசித்துக்கொண்டிருந்தோம். டிரம்ஸ் தம்பி வருவானா என்று கேட்டுத்தான் குழுவையே பேசி முடிப்பார்கள்.

அம்மாவிடம் தலையைக் கொடுத்துக் குட்டையாக ஒரு ஜடை போட்டுக்கொண்டேன். ஒரு முழம் மல்லிகை. பேன்ட்டுக்கு மேல் நீளமாக ஒரு ஜிப்பா. பாடகி என்னை ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய் மையிட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். நிஜமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தேன்.

சொல்வாரா மாட்டாரா என்பதே என் யோசனையாக இருந்தது. மேடையில் உட்கார்ந்ததும் பந்தலில் குசுகுசு என்று பேச்சு எழுந்தது. "தம்பி எங்க? தம்பி எங்க?" என்று முன்வரிசையில் குரல். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்கள் என்று.

"பெரியவங்க மன்னிக்கணும்" என்றார். "நம்ம டிரம்ஸ் தம்பிக்கு ஒடம்பு சரியில்லீங்க. இன்னிக்கு அவருக்குப் பதிலா ஒரு பொண்ணு வாசிக்குது. கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க."

குச்சி என் கையில் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் அக்கார்டியன் ஆரம்பித்துவிட்டது, கை தானாகப் போய் விழுந்தது. அன்றைக்கு வாசித்தது போல் நான் அதற்கு முன்னால் வாசித்ததில்லை. வெறி பிடித்தாற்போல வாசித்தேன். தனி வாசிப்பு முடிந்ததும் கை தட்டினார்கள். தட்டினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிக் குழந்தை பாட்டுப் பாடினால் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் மேடையோரம் வந்து நின்றார்.

"நல்லா வாசிச்சம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அந்தப் பையன் கை வராது. எத்தினி வருசமா கேட்டுகினு கீறேன்."

"ஆங், வராதுங்க" என்றேன்.

"அவனுக்கு ஒடம்புக்கு இன்னா?"

"ஜொரங்க."

"பாத்துக்கச் சொல்லு. தங்கமான பையன். ஒரு வார்த்த அதிகம் பேச மாட்டான்."

சொல்கிறேன் என்றேன். வேனில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பாடகி என் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னா ஆச்சி, யாரு மேல கோவம், மாஸ்டர் மேலயா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அந்தப் பையன் மேல் பொறாமையாக இருந்தது.