ஒட்வாரின் காரில் சொன்னது

வட துருவத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் எங்கள் துறைமுக ஊரான ஸ்கார்விக்கில் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் கார் ஓட்டக் கற்றது ஒட்வாரிடம்தான். நானும் அவரிடம்தான் கற்றேன். அதிகம் பேசாத மனிதர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொள்வார். "மெதுவா", "கண்ணாடியப் பாரு", "ம், சரி" என்பதற்கு மேல் ஒரு பாடம் முழுக்க அவர் வாயிலிருந்து எதுவும் வராது. அவர் பேசாததாலோ என்னவோ, ஓட்டுகிறவர்கள் பேசினார்கள். கண் சாலையில் இருக்கும்போது மனிதனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. பரீட்சையில் தோற்றதை வீட்டில் மறைத்தது, கட்டப்போகிறவனைப் பிடிக்காமல் போனது, அப்பாவின் குடி, எல்லாவற்றையும் அந்த வெள்ளைக் காரில் கொட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். அவர் வாயிலிருந்து ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. "இந்த ஊர்ல யாருக்கு என்ன நடந்தாலும் கடைசியாத் தெரிஞ்சுக்கறது நான்தான்" என்று அவருடைய மனைவி சூல்ஃப்ரிட் குறைபட்டுக்கொள்வார். அந்தக் குறையில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

ஒட்வாருக்குப் பேச்சு வருகிற ஒரே இடம் கால்பந்து மைதானம். அங்கேயும் அவர் பேச்சை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை. மரப்பலகை வரிசையில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருவார். "இடது பக்கம் காலியா இருக்கே" என்பார். அதையே யூஸ்டைன் உரக்கச் சொன்னால் வரிசையே திரும்பிப் பார்க்கும். யூஸ்டைன் மின்சாதனக் கடை வைத்திருப்பவர், எங்கள் ரசிகர் சங்கத்தின் தலைவர். ஒட்வார் சொன்னதை இரண்டு நிமிஷம் கழித்துத் தன் கருத்தாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒட்வார் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் எங்களுக்கு முத்தாலே வந்து சேர்ந்தான். ஜாம்பியாவிலிருந்து வந்த முன்கள ஆட்டக்காரன், வயது இருபத்திரண்டு. எங்களைப் போன்ற ஒரு சின்னத் துறைமுகத்து அணியில் அப்படி ஒருவனை நாங்கள் பார்த்ததே இல்லை. பந்து அவன் காலுக்கு வந்தால் மரப்பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களையறியாமல் எழுந்துவிடுவார்கள். ஏழெட்டு வருஷமாகக் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப்பதையே சாதனையாகக் கொண்டாடிய நாங்கள் அந்த முறை மூன்றாம் இடத்தில் முடித்தோம்.

அவன் சொந்த ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது. அதனால் கிளப் அவனை ஒட்வாரிடம் அனுப்பியது. முதல் நாள் அவன் ஊர்ப் பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, எதிரே ஸ்டியரிங்கைக் காணாமல் சிரித்தானாம். அவர்கள் ஊரில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். முன்னால் ஒரு 'பா' சேர்த்துக்கொள்வார்கள். அதனால் அவர் அவனுக்கு 'பா ஒட்வார்' ஆனார். வீட்டில் சூல்ஃப்ரிடும் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். ஒட்வாருக்கு அது பிடித்திருந்தது.

நவம்பர் கடைசியில் எங்கள் ஊரை விட்டு வெயில் போகும். ஜனவரி பாதி வரை சூரியன் எழாது, பகலும் இருட்டுதான். எங்களுக்கு அது மழை மாதிரி, வரும் போகும். முத்தாலேவுக்கு அப்படியில்லை. ஒரு நாள் நண்பகலில், விளக்குப் போட்டுக்கொண்டு கடலோரச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தவன், "பா ஒட்வார், கொஞ்சம் நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டான். தேவாலயத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தான்.

ஒட்வார் சும்மா உட்கார்ந்திருந்தார். நல்ல வேளையாக அதுதான் அவருக்குத் தெரிந்ததும்.

"தூக்கம் வரமாட்டேங்குது" என்றான் பிறகு. "படுத்தா நெஞ்சு அடிச்சுக்குது. எழுந்தா காலையா ராத்திரியான்னு தெரியல. பந்து கால்ல இருக்கு, ஆனா அது என் கால்னே தோணல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவர்கிட்ட சொன்னா கிளப்புக்குப் போயிடும். கிளப்புக்குப் போனா பெல்ஜியத்துக்குப் போயிடும். அங்கேருந்து என்னைக் கேட்டிருக்காங்க. போனேன்னா பொழச்சுக்குவேன். பைத்தியம்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்" என்றார் ஒட்வார்.

டிசம்பரில் முத்தாலே வேறு கிளப்புக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறான் என்று செய்தி வந்தது. ஊர் கொதித்தது. எங்கள் கிளப்புக்குப் பணக்கார முதலாளி கிடையாது, உறுப்பினர்களான எங்களுக்கே சொந்தம். அதனால் ரசிகர் சங்கம் என்ன நினைக்கிறது என்பதை நிர்வாகம் காதில் வாங்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளப் வீட்டில் கூடினோம். காபி, வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி. நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள்.

"ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்று ஆரம்பித்தார் யூஸ்டைன். "கையெழுத்துப் போட்டப்ப எவனும் அவன் கையப் புடிச்சு எழுதல. இருக்கட்டும். விளையாடட்டும்."

கம்பளி பின்னிக்கொண்டிருந்த குன்வோர் தலையைத் தூக்கவில்லை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் வாய்க்கு ஊரே பயப்படும். "மனசு இல்லாத ஆள வெச்சுகிட்டு என்னய்யா பண்ணுவே? மொத பொண்டாட்டியையும் இப்படித்தான் புடிச்சு வெச்சுப் பாத்தே."

"அவ கோல் போட மாட்டா குன்வோர்."

"உன் வலையில போட்டாளே."

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் பின்னாலிருந்து ஒரு படகுத்துறை ஆள் சொன்னான். "பெல்ஜியத்துக்காரன் பணப்பையக் காட்டினதும் தொரைக்கு நம்ம ஊரு நாறுது. பயிற்சிக்கு வந்தா மூலையில உக்காந்துக்கறான். கேட்டா ஒடம்பு சரியில்லையாம். எல்லாம் நடிப்பு."

"நன்றி கெட்ட பய" என்றார் இன்னொருவர். "வந்தப்ப போட்டுக்க நல்ல கோட்டுகூட இல்ல. நாமதான் வாங்கிக் குடுத்தோம்."

ஒட்வார் வாஃபிள் தட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எழுந்தார்.

"அவன் நடிக்கல."

யாரும் கவனிக்கவில்லை. மறுபடி சொன்னார். யூஸ்டைன் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு ஒட்வார் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். சொன்னார். தூக்கம் வராததை, நெஞ்சடிப்பை, தேவாலயத்து நிறுத்தத்தில் அழுததை. 'அது என் கால்னே தோணல' என்று அவன் சொன்னதை அப்படியே அவன் குரலிலேயே சொன்னார். குன்வோரின் ஊசிகூட நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக யூஸ்டைன் குறுக்கே பேசாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்தில் தன் நாக்கில் ஒரு இனிப்பு இருந்தது என்று ஒட்வாரே பின்னால் சொன்னார்.

"அப்போ வேற வழியே இல்ல" என்றார் யூஸ்டைன் கடைசியில். "வித்துடணும், உடனே. பெல்ஜியத்துக்காரன் காதுல விழறதுக்குள்ள."

"ஓட்டைப் படகுக்குச் சாயம் பூசி விக்கிற மாதிரியா?" என்றார் குன்வோர்.

"அத நீதான் சொல்றே, நான் சொல்லல."

மறுபடி சிரிப்பு. வாக்கெடுப்பில் எல்லாக் கையும் விற்பதற்கே உயர்ந்தது. ஒட்வாரின் கையும் உயர்ந்தது. பையன் கேட்டதும் அதுதானே, நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். கிளம்புவதற்கு முன் கிளப் வீட்டு வாசலில் நின்று, "இங்க பேசினது இங்கயே இருக்கட்டும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம்.

அந்த வாரமே பத்திரிகையில் வந்தது. எந்த வாய் என்று இன்றுவரை தெரியாது. கிளப்புக்கு நெருக்கமானவர்கள் சொன்னதாக, மன நலம், தூக்கமின்மை, அழுகை எல்லாம் இருந்தது. பெல்ஜிய கிளப் மருத்துவ அறிக்கை கேட்டது. அப்புறம் பேச்சையே நிறுத்திக்கொண்டது.

காலை உணவு மேஜையில் சூல்ஃப்ரிட் அதைப் படித்துவிட்டு, "பாவம். இது யார் வாயிலேருந்து போச்சு?" என்றார்.

"என் வாயிலேருந்து."

சூல்ஃப்ரிட் நிமிர்ந்து பார்த்தார்.

"அவனத் திட்டினாங்க. காப்பாத்தணும்னுதான்..."

"ஏன்னு நான் கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போனார்.

அடுத்த பாடத்துக்கு முத்தாலே வர மாட்டான் என்றுதான் ஒட்வார் நினைத்தார். வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தார். வந்தான். பெல்ட் போட்டான், கண்ணாடியைச் சரிசெய்தான், ஒரு பிழை இல்லாமல் ஓட்டினான். வழுக்கும் இறக்கத்தில்கூட ஒட்வாரின் கால் பிரேக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. பாடம் முடிந்து மைதானத்து வாசலில் நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தான்.

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

ஒட்வார் இரண்டு நாளாக வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு, "ஆமா, நான்தான்" என்றார்.

"ஏன்?"

"உன்னத் தப்பாப் பேசினாங்க. அது பொறுக்காம..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. "எனக்குத் தெரியும்னு அவங்களுக்குக் காட்டணும்போல இருந்துச்சு. என் பேச்ச யாரும் கேக்கறதில்ல. அன்னிக்குக் கேட்டாங்க."

முத்தாலே எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றினான். அவன் திட்டியிருந்தால் ஒட்வாருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிச்சப் பாடத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றான். "வரேன், ஒட்வார்."

எங்கள் ஊரில் பிரதமரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆனாலும் அந்தப் பெயர் மொட்டையாக வந்து விழுந்தபோது தன் காது சுட்டது என்றார் ஒட்வார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. கடையில் பார்த்தவர்கள் தோளைத் தட்டினார்கள். யூஸ்டைன் தன் மேஜைக்குக் கூப்பிட்டுக் காபி ஊற்றிக் கொடுத்து, "நல்ல வேளை நீ சொன்னே, இல்லேன்னா அவன் நடிக்கறான்னே நெனச்சிருப்போம்" என்றார். அவர் இல்லையென்று ஆரம்பித்தால், "ரொம்ப அடக்கமான ஆளு" என்றார்கள். காரில் மட்டும்தான் உள்ளது உள்ளபடி தெரிந்தது. மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் தங்கையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "இது வெளிய போகாதுல்ல?" என்று கேட்டாள்.

"சொல்லாத" என்றார் ஒட்வார். "வேற யார்கிட்டயாவது சொல்லு."

விஷயம் வெளியே வந்துவிட்டதால் கிளப் மருத்துவர் முத்தாலேவைக் கூப்பிட்டுப் பார்த்தார். கிளப் அவனைச் சொந்த ஊருக்கு அனுப்பியது. பனி இளகும் சமயத்தில் திரும்பி வந்தான். முகம் தெளிந்திருந்தது. தூங்குகிறான் என்றார்கள். வெளிச்சமும் வந்துவிட்டிருந்தது. "பாத்தியா, நீ வாயத் திறக்கலேன்னா அவன் இன்னும் இருட்டுலதான் கெடந்திருப்பான்" என்றார் யூஸ்டைன். அது பொய்யும் இல்லை. அதனாலேயே ஒட்வாருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. 'அவனுக்கு நல்லது நடந்திருக்கலாம், அத நான் செய்யல' என்று சூல்ஃப்ரிடிடம் மட்டும் சொன்னாராம்.

வசந்தத்தின் முதல் ஆட்டத்துக்கு எதிர் அணி ரசிகர்கள் இரண்டு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். முத்தாலேவிடம் பந்து போகும்போதெல்லாம் அத்தனை பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதுகாட்டினார்கள். மைதானம் முழுக்க அந்த 'ஊ ஊ' கேட்டது. எங்கள் வரிசையில் சிலர் எழுந்து திருப்பித் திட்டினார்கள். ஒட்வார் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடைவேளையில், "வீட்டுக்குப் போயிடலாமா?" என்று நான் கேட்டேன். "அவன் போகலியே" என்றார். இரண்டாம் பாதியில் முத்தாலே ஒரு கோல் போட்டான். ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை. பந்தை வலையிலிருந்து எடுத்து நடுக்கோட்டில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு நடந்து போனான். நாங்கள் எழுந்து கத்தினோம். ஒட்வாரும் எழுந்தார், கைதட்ட அவருக்குக் கை வரவில்லை.

கோடை முடிவில் அவனை டென்மார்க்கில் ஒரு கிளப்புக்கு விற்றார்கள். பெல்ஜியத்தை விடச் சின்ன இடம். 'ஒரு தடவை உடைந்தவன்' என்று சொல்லித்தான் அவர்கள் விலையைக் குறைத்தார்கள் என்று யூஸ்டைனே ஒப்புக்கொண்டார். விற்றது சரியா தப்பா என்று கிளப் வீட்டில் குளிர்காலம் வரை விவாதித்தோம். ஒட்வார் அந்தக் கூட்டங்களுக்கு வரவில்லை. ஆட்டத்துக்கு வருவார். இடது பக்கம் காலியாக இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்தச் செப்டம்பரிலேயே அவரும் சூல்ஃப்ரிடும் மகள் வீட்டுக்குப் போக விரைவுப் படகில் ஏறினார்கள். எதிர் இருக்கையில் பக்கத்துத் தீவுக்காரர் ஒருவர் அவரை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நீங்கதானே அந்த முத்தாலேவுக்குச் சீக்குன்னு மொதல்ல கண்டுபுடிச்சவரு? பையனக் காப்பாத்தினீங்களே."

"காப்பாத்தல" என்றார் ஒட்வார். "காட்டிக்குடுத்தேன்."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். எழுந்து போய் மூன்று பேருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். சூல்ஃப்ரிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று விளக்க வேண்டியிருக்கும். ஒட்வார் அந்தக் காபியைக் குடித்தார், நன்றி என்றும் சொன்னார்.