வெறும் கிரைண்டர்

என் மகன் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை தூங்கவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தூங்குவான், முக்கால் மணி நேரம். பிறகு கண்ணைத் திறந்து, நான்தான் எழுப்பிவிட்டேன் என்பதுபோல முறைத்துவிட்டு வீறிடுவான். எது பகல், எது இரவு என்ற கணக்கே எனக்குப் போய்விட்டது. லிங்கராஜபுரத்து மாடிவீட்டில் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பால் பாக்கெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் ஒரு சத்தம் வரக்கூடாது என்பது என் சட்டம். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். குக்கர் விசில் வைக்கவில்லை. கிரைண்டருக்குப் பழைய போர்வையைப் போர்த்தி மூலையில் தள்ளினேன். பக்கத்துத் தெருவில் பிளாஸ்டிக் குடம் விற்பவனிடம்கூடச் சண்டைக்குப் போனேன். அவன் பாவம், பயந்து கூவாமலே போக ஆரம்பித்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜூனில் பள்ளி திறக்கும்போது வந்து சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"உட்டுடேன் வேலைய. இந்த நெலமைல கரும்பலகை பக்கம் போனா நின்னுகிட்டே தூங்கிடுவே" என்றார் என் கணவர்.

"நீங்க உடுங்க உங்க வேலைய. நான் எதுக்கு உடணும்?" என்றேன். நாலு நாள் பேசவில்லை. அந்த வேலைக்காகக் கோலார் தங்கவயலிலிருந்து மூன்று வருடம் விடிகாலை ரயிலில் நின்றுகொண்டே வந்து படித்தவள் நான்.

அப்போதுதான் அப்பா வந்தார். நாங்கள் நைனா என்போம். முப்பது வருடம் தங்கவயல் மில்லில், பாறையை நொறுக்கித் தூளாக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர். அந்த மாசிமாதம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். "நீ இஸ்கூலுக்குப் போ கண்ணு. புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வந்த மனிதரும் தூங்கவில்லை! கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தால் புரண்டு புரண்டு படுப்பார், எழுந்து உட்காருவார். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஒரு பக்கம் நடக்க, பீடியைப் பற்ற வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு பக்கம் நடப்பார். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்.

ஐந்தாம் நாள் சொன்னார்: "எனக்கு இங்க ஒத்துவரல கண்ணு. நம்ம லைன் வீட்டுல போய்ப் படுத்தாதான் தூக்கம் வரும். ஞாயித்துக்கெழம போயிடறேன்."

போனால் என் வேலையும் போச்சு. கெஞ்ச ரோஷம் இடம் கொடுக்கவில்லை. போகிறவருக்கு ஒரு நல்ல இட்லியாவது போட்டு அனுப்பலாம் என்று, ஆனது ஆகட்டும், போர்வையை எடுத்துவிட்டு மத்தியானம் கிரைண்டரைப் போட்டேன். கடகடவென்று வீடே அதிர்ந்தது. இப்போது வீறிடப்போகிறான், இப்போது வீறிடப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மாவை வழித்துவிட்டு வந்து பார்த்தால், கூடத்தில் நைனா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார். அவர் கைமேல் தலை வைத்து என் மகன். இரண்டு பேரும் சாயங்காலம்வரை அசையவில்லை.

நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை பிறந்தது தங்கவயலில், மில்லை ஒட்டித் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். மூன்று மாதம் மில் சத்தத்தில்தான் தூங்கிக் கிடந்தான். நானும் அதில் வளர்ந்தவள்தான். மரமண்டை எனக்கு உறைக்கவில்லை. சத்தத்தையெல்லாம் நானே அடக்கி வைத்துவிட்டு, தூங்கு தூங்கு என்றால் அவன் எப்படித் தூங்குவான்? நைனாவுக்கு ஊருக்குப் போனாலும் தூக்கம் வராது. அங்கே இப்போது மில் ஏது?

அன்றிலிருந்து தினமும் ராத்திரி மாவு அரைத்தேன். வெறும் கிரைண்டரை ஓட்டினால் கல் தேய்ந்துவிடும், அதனால் அரிசி ஊறப்போடாத நாளில்லை. தெரு முழுக்க எங்கள் மாவுதான். "ஏனம்மா, தினா தினா உங்க மனேல மதுவேயா?" என்று கீழ்வீட்டம்மா கேட்டார், தினமும் கல்யாணமா என்று. ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்தேன். பிறகு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. இட்லி சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் நைனா.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், புடவைக்கு இஸ்திரி போடுகிற பரபரப்பில் அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். ராத்திரி குழந்தை சிணுங்கினான். நைனா எழுந்து உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கிரைண்டரைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னா கண்ணு, உள்ள ஒண்ணுமில்லையே" என்றார்.

"அரிசி போட்டிருக்கேன் நைனா. தூங்கு."

"முப்பது வருசம் மில்லுல இருந்தவன்கிட்டயா?" என்றார். குழந்தையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். "சரி, ஓடட்டும். தேஞ்சா நான் கொத்தித் தரேன். நீ போய்ப் படு, காலைல இஸ்கூலு" என்றார்.