அணில்முடிப் பிரஷ்ஷைக் காப்பாற்றப் பட்ட பாடு

போர்டு எழுதும் தொழிலில் கை நடுங்கினால்கூடச் சமாளித்துவிடலாம். பிரஷ்ஷில் ஒரு முடி விலகி நின்றால் தெருவே சிரிக்கும். கல்கத்தாவில் கடைப் பலகை எழுதி அவதிப்படும் தோழர்களே, உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வாயில் வைத்த குற்றம்

எழுத்துக்கு நல்ல பிரஷ் என்றால் அணில் வால் முடிதான். ஈரப்படுத்தி ஓர் உதறு உதறினால் முடியெல்லாம் ஒன்றுகூடி, நுனி உளிபோல் நேராக நிற்க வேண்டும். சீனாபஜார் பிரஷ் கடையில் தண்ணீருக்கு எங்கே போவது? நாலைந்தை வாயில் வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து வந்தேன்.

அந்தச் சாமர்த்தியத்தை வீட்டில் பீற்றிக்கொண்டதுதான் வினை. ராமர் தடவிக்கொடுத்த பிராணியாயிற்றே என்று என் மனைவி கண் கலங்கினாள். அவர் தடவியது முதுகை, இது வால் என்று நியாயம் பேசினேன்.

"வாலை வாயில வச்சதுக்கு இது ஒரு சமாதானமா? போய்க் குளிச்சிட்டு வாங்க, அப்புறந்தான் சோறு."

கடுகெண்ணெய் உபசாரம்

வேலை முடிந்ததும் பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசி, எண்ணெய் தடவி, நுனியை விரலால் நீவிப் படுக்கவைக்க வேண்டும். துரைமார் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். மேற்படி வீட்டில் அது நடக்குமா? நான் விளக்கெண்ணெயோடு நின்றுகொண்டேன்.

ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்தபோது, பட்டறைக் கூட்டாளியான வங்காளி பாபு என் பிரஷ்ஷைக் கவனித்துக்கொண்டார். குளிக்கவும் கடுகெண்ணெய், மீனுக்கும் கடுகெண்ணெய் என்று வாழ்கிறவர் பிரஷ்ஷை மட்டும் விட்டுவிடுவாரா? நான் தேறி வருவதற்குள் அது பிசினாக இறுகியிருந்தது. ஒரு பகல் முழுக்க ஊறவைத்து மீட்டேன். பாபு வருத்தத்தோடு தலையாட்டினார்.

"கொஞ்சமாத் தடவிட்டேன் மொஷாய், அதுதான் தப்பு."

குங்குமாபிஷேகம்

பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு புடவைக்கடை முதலாளி பலகை எழுதக் கொடுத்தார். பிடித்திருந்தால் அவருடைய மற்றக் கடைகளின் பலகைகளும் எனக்கு. பிடிக்காவிட்டால் எல்லாம் எதிர்ப் பட்டறைக்கு. கடைசி இரண்டு எழுத்து பாக்கி இருக்கையில் விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று இங்கே தொழிலாளி எவனும் கருவியைத் தொடமாட்டான்; சாமி முன் வைத்துவிட்டு, மாடியேறிப் பட்டம் விடுவான். முதலாளியே பக்தியோடு வந்து, என் அணில்முடியில் சந்தனத்தையும் எண்ணெயில் குழைத்த குங்குமத்தையும் அப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை கடைத் திறப்பு. எவ்வளவு அலசியும் முடி ஆளுக்கொரு திசை பார்த்தது. பிரஷ் கடையோ பூட்டிக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதைக்கொண்டே எழுதினேன். இரண்டு எழுத்தும் கோணிக்கொண்டு, மீசை முளைத்து நின்றன. முதலாளி பலகையை நெடுநேரம் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அந்த இரண்டு எழுத்தையும் தொட்டுக் கும்பிட்டார்.

"இந்த ரெண்டுலதான் தெய்வம் இறங்கியிருக்கு மொஷாய். இந்தப் பலகையில மிச்ச எழுத்தையும், மத்தக் கடைப் பலகைகளையும் இதே மாதிரி எழுதிடுங்க."

ஆகவே தோழர்களே, நல்ல பிரஷ்ஷை ஆசைக்குப் போற்றி வைத்திருக்கிறேன், பிழைப்புக்குக் கெட்டுப்போனதைத்தான் நம்பியிருக்கிறேன்.