முக்காலுக்குள் எத்தனை அரை

பள்ளியில் அவருக்குத் தலைகீழ் டீச்சர் என்று பட்டப்பெயர். பின்னத்தை வகுக்க வேண்டுமா? இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. ஏன் என்று கேட்காதே. இந்த ஒற்றை மந்திரத்தால் ஆறாம் வகுப்பின் நாற்பத்தொரு பேரும் இருபது கணக்கை ஆறே நிமிடத்தில் போட்டார்கள். தலைமையாசிரியர் கையில் கடிகாரத்தோடு நின்று பூரித்தார். குதிரைப் பந்தயத்துக்குப் போயிருக்க வேண்டியவர், வழி தவறிப் பள்ளிக்கூடம் வந்துவிட்டார்.

டீச்சரின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆய்வாளர் வகுப்பைப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் உண்டு. அவர் வருவதற்குப் பதினேழு நாள் இருக்கும்போது, கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், அரையைக் காலால வகுத்தா ரெண்டு வருது. வகுத்தா குறையணும்ல? எப்படிக் கூடுச்சு?"

இரண்டு பட்டம் வாங்கிய டீச்சர், "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்றார்.

அன்று மாலை வீட்டில் காகிதத்தை நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் கணவர் கேட்டார்: "கணக்கு டீச்சர்னு சொல்லித்தானே கட்டி வச்சாங்க?"

"அரைத் துண்டுக்குள்ள கால் துண்டு எத்தனை தடவை அடங்குதுன்னு பாக்கறேங்க. இது தெரியாமலே சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நல்லது. வெளியில சொல்லிடாதே."

மறுநாள் முதல் வகுப்பெல்லாம் காகிதத் துண்டு. ஆறு நிமிடத்துக்கு மூன்று கணக்கு. "இருபதை மூணாக்கிட்டீங்களே, இதுக்குப் பேரு முன்னேற்றமா?" என்று தலைமையாசிரியர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், அது ஓடுகிறதா என்று.

ஆய்வாளர் வந்தார். முக்காலை அரையால் வகுக்கச் சொன்னார். பிள்ளைகள் துண்டுகளை அடுக்கிப் பார்க்கும் அழகைச் சகிக்காமல் தாமே விடையும் சொன்னார்.

"ஒரு அரை முழுசா போச்சு. மிச்சம் கால். ஆக ஒண்ணேகால்! இதுக்கா இத்தனை நேரம்?"

தலைமையாசிரியர் கைதட்டினார்.

"இல்ல சார்," என்றாள் கடைசி வரிசைப் பெண். "மிச்சம் கால்தான். ஆனா நாம அளக்கறது அரைத் துண்டால. அதுல இது பாதி. அப்போ ஒண்ணரை."

ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற தலைமையாசிரியர், கண்ணாலேயே கும்பிட்டார்.

"அவ சொல்றதுதான் சரி, சார்," என்றார் டீச்சர்.

ஆய்வாளர் பெருந்தன்மையானவர். தவறை ஒப்புக்கொள்ளவுமில்லை, கோபப்படவுமில்லை. 'வேகம் போதாது. இன்னும் ஆறு மாதம் பார்த்து முடிவு செய்யலாம்' என்று எழுதிவிட்டுப் போனார்.

"என்னாலதானா டீச்சர்?" அந்தப் பெண் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆறு மாசம் இருக்குடி. அரையால, காலால பெருக்கினா ஏன் குறையுதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. தாளை மடி, பாப்போம்."